ஊதுகிறவர் பாடுகிறார், பாடுகிறவர் ஊதுகிறார்

நம் கச்சேரிகளில் வயலின்காரருக்கோ புல்லாங்குழல்காரருக்கோ கிடைக்கிற பெரிய பாராட்டு "அப்படியே பாடற மாதிரி இருந்தது" என்பதுதான். குரலே மூலம், வாத்தியம் அதன் வழியில் போக வேண்டும் என்று பழகிய காது நம்முடையது. ஜாஸுக்குப் போனால் இந்தக் கணக்கு புரண்டுவிடும். அங்கே பாடகிகள் ட்ரம்பெட்டையும் சாக்ஸபோனையும் கேட்டுப் பாடக் கற்றுக்கொண்டார்கள். பில்லி ஹாலிடே தன்னைப் பற்றிச் சொன்னது பிரசித்தம்: பாடுகிறோம் என்றே தனக்குத் தோன்றுவதில்லை, ஏதோ ஊதுகருவி வாசிப்பதாகத்தான் தோன்றுகிறது என்றார். அவருடைய நெருங்கிய நண்பரான சாக்ஸபோன்காரர் லெஸ்டர் யங் எதிர்ப்பக்கத்திலிருந்து நடந்து வந்து அதே இடத்தில் நின்றார். ஒரு பாட்டை வாசிக்கிறவனுக்கு அதன் வரிகள் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

நமக்கும் இது முற்றிலும் புதிதில்லை. ஜி.என்.பாலசுப்ரமணியத்தின் பிர்காக்களில் ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம் கேட்கிறது என்று பழைய ரசிகர்கள் சொல்வதுண்டு. ஆனால் நம்மிடம் ஒரு மேதையின் தனி ருசியாக இருந்தது, ஜாஸில் அன்றாட நடைமுறையாகிவிட்டது. அது எப்படி ஆனது என்று தேடிப்போனால் மேடையைவிட ஒலிப்பதிவு அறையில்தான் அதிகம் தடயம் கிடைக்கிறது. எதைப் பதிய முடிந்தது, எத்தனை நிமிடம் பதிய முடிந்தது, மைக் எங்கே இருந்தது, யார் பதிய அனுமதிக்கப்பட்டார்கள் என்பதெல்லாம் இந்த இசையின் உருவத்திலேயே கை வைத்திருக்கின்றன.

கூம்புக்கு முன்னால்

முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917 பிப்ரவரியில் நியூயார்க்கில் விக்டர் கம்பெனிக்காகப் பதிவானது. ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் என்ற அந்தக் குழுவின் ஐந்து பேரும் வெள்ளையர்கள். நியூ ஆர்லியன்ஸின் கறுப்பினக் கலைஞர்கள் வளர்த்த இசை அடுத்தவர் பெயரில் முதலில் தட்டேறியது ஜாஸ் வரலாற்றின் ஆறாத வடு. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

அன்றைக்கு மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்பின் வாய்க்கு எதிரே எல்லாரும் கூடி நின்று வாசிக்க, அந்த ஒலியின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். 1923 ஏப்ரலில் கிங் ஆலிவரின் குழு இண்டியானா மாநிலத்து ரிச்மண்டில் இருந்த கெனட் கம்பெனியின் கூடத்துக்கு வந்தது. கட்டடத்தை ஒட்டி ரயில் பாதை. வண்டி போகும்போதெல்லாம் வேலை நின்றுவிடும். ஆலிவருக்குப் பக்கபலமாக இரண்டாவது கார்னெட் (ட்ரம்பெட்டைப் போன்ற ஊதுகருவி) வாசிக்க வந்திருந்தவருக்கு வயது 21, பெயர் லூயி ஆம்ஸ்ட்ராங். அவர் ஊதினால் குருவின் கார்னெட் காணாமல் போகிறதென்று அறையின் கோடியில் தள்ளி நிறுத்திவிட்டார்கள். குழுவில் பியானோ வாசித்த லில் ஹார்டின், பின்னாளில் ஆம்ஸ்ட்ராங்கை மணந்தவர், எல்லாரையும் விட்டுத் தனியாக நின்ற அந்தப் பையனின் முகம் வாடியிருந்ததைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டரை வருடம் கழித்து, 1925 நவம்பரில், அந்தப் பையன் சிகாகோவில் ஓகே கம்பெனிக்காகத் தன் சொந்தக் குழுவோடு பதியத் தொடங்கினார். குழுவின் பெயர் ‘ஹாட் ஃபைவ்’. அடுத்த பிப்ரவரியில் ‘ஹீபி ஜீபீஸ்’ பாட்டைப் பாடும்போது நடுவில் வார்த்தைகளை விட்டுவிட்டு, பொருளற்ற அசைகளாலேயே மெட்டை நிரப்பினார். கையிலிருந்த காகிதம் கீழே விழுந்துவிட்டது, தட்டை வீணாக்கக் கூடாதென்று சமாளித்தேன் என்று பிற்காலத்தில் ஒரு கதை சொன்னார். கதை அழகாக இருக்கிறது, நம்பத்தான் கஷ்டம். ‘ஸ்கேட்’ என்று அழைக்கப்படும் அந்தப் பாணி அதற்கு முன்பே தட்டுகளில் உண்டு. ஆனால் ஊர் முழுக்கப் பரவியது இந்தத் தட்டுக்குப் பிறகுதான்.

ஆம்ஸ்ட்ராங் என்ன செய்துகொண்டிருந்தார் என்று புரிய ஒரே ஒரு தட்டு போதும்: 1928 ஜூனில் பதிவான ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’. மொத்தம் மூன்றே கால் நிமிடம். தாளமோ துணையோ இல்லாமல் ட்ரம்பெட் மட்டும் ஏறி இறங்கும் முதல் சில விநாடிகளை வைத்தே பலர் கட்டுரை எழுதித் தீர்த்திருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது நடுவில் வருகிறது. கிளாரினெட் கீழ்ஸ்தாயியில் ஒரு வாசகம் சொல்கிறது. ஆம்ஸ்ட்ராங்கின் குரல், வார்த்தையே இல்லாமல், மெதுவாக அதற்குப் பதில் சொல்கிறது. திரும்பவும் கிளாரினெட், திரும்பவும் குரல். திண்ணையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பது மாதிரி. பியானோ வந்து போனபின் கடைசிச் சுற்றில் (மெட்டு ஒருதரம் முழுதாக ஓடி முடிவது ஒரு சுற்று) ட்ரம்பெட்டை எடுத்து, ஒரே உச்ச ஸ்வரத்தை நாலு பார், அதாவது நாலு தாள வட்டம், நீளத்துக்கு அசையாமல் பிடித்து நிற்கிறார். பாட்டும் ஊதலும் ஒரே மூச்சிலிருந்து வருகின்றன என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இவ்வளவும் மூன்றே கால் நிமிடத்துக்குள். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு அவ்வளவுதான் இடம். கிளப்பில் அரைமணி நேரம் நீட்டி வாசிக்கிறவர்கள் தட்டுக்காக ஒரு சுற்றுக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கப் பழகினார்கள். ஒரு தனி ஆவர்த்தனத்துக்குப் பாட்டைப் போலவே தொடக்கமும் உச்சமும் முடிவும் வந்து சேர்ந்ததில் இந்த நெருக்கடிக்கும் பங்கு உண்டு. கோல்மன் ஹாக்கின்ஸ் 1939 அக்டோபரில் பதிந்த ‘பாடி அண்ட் சோல்’ அதன் உச்சம். முதல் சில பார்களில் மெட்டை லேசாகத் தொட்டுவிட்டு, மீதி மூன்று நிமிடமும் டெனர் சாக்ஸபோன் தன் மனோதர்மத்திலேயே போகிறது. தெரிந்த மெட்டு காதில் விழவே இல்லை, ஆனாலும் தட்டு அமோகமாக விற்றது. அந்த வாசிப்பையே ஒரு பாட்டாக ஜனங்கள் முணுமுணுக்கக் கற்றுக்கொண்டார்கள். இது முக்கியம், பின்னால் திரும்ப வருவேன்.

மைக் வந்தது

1925வாக்கில் மின்சார ஒலிப்பதிவு வந்ததும் குரலின் தலையெழுத்து மாறியது. கூம்புக் காலத்தில் கூரை அதிரப் பாடுகிறவர்களுக்கே வாழ்வு. மைக்குக்கு அந்தரங்கமாகப் பேசினாலும் போதும். சின்னக் குரல், குறுகிய ஸ்தாயி, அலட்டிக்கொள்ளாத தோரணை: பில்லி ஹாலிடே கூம்புக் காலத்தில் பாட வந்திருந்தால் பாடகியாகியிருப்பாரா என்பதே சந்தேகம்.

1935 முதல் பியானோக்காரர் டெடி வில்சனின் தலைமையில் அவர் பாடிய தட்டுகள் ஜூக் பாக்ஸ்களுக்காக மலிவாகத் தயாரிக்கப்பட்டவை. நல்ல பாட்டுகளெல்லாம் பெரிய நட்சத்திரங்களுக்குப் போய்விடும், மிச்சம்மீதி இவர்களுக்கு. எழுதிவைத்த ஏற்பாடு எதுவும் கிடையாது. வந்து, தாளைப் பார்த்து, யார் எங்கே வாசிப்பது என்று பேசிக்கொண்டு, பதிந்துவிட்டுப் போவார்கள். பாடகியும் அந்தக் குழுவில் ஒருவர், அவ்வளவுதான். அவருக்கும் ஒரு சுற்று, சாக்ஸபோனுக்கும் ஒரு சுற்று. இந்தச் சிக்கனமே பெரிய வரமாகிவிட்டது. 1937 ஜனவரியில் லெஸ்டர் யங் வந்து சேர்ந்தார். அந்த வருடத்திய ‘எ செயில்போட் இன் த மூன்லைட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு ரொம்ப சாதாரணம். பில்லி ஒவ்வொரு சொல்லையும் தாளத்துக்கு ஒரு இழை பின்னால் தள்ளிப் போடுகிறார். அவர் விட்டுவைத்த அந்தச் சந்துகளில் யங்கின் டெனர் நுழைந்து நுழைந்து வெளியே வருகிறது. சாக்ஸபோனை மட்டும் கவனித்து ஒருதரம், குரலை மட்டும் கவனித்து ஒருதரம் கேட்டால், ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் முடிப்பது தெரியும். யங் பில்லிக்கு ‘லேடி டே’ என்று பெயர் வைத்தார். பில்லி யங்கை ‘பிரெஸ்’ என்று அழைத்தார், சாக்ஸபோன்காரர்களுக்கெல்லாம் ஜனாதிபதி என்ற அர்த்தத்தில்.

பில்லிக்கும் பெரிய கம்பெனிக்கும் இருந்த உறவு 1939இல் ஒரு பாட்டில் முட்டி நின்றது. தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவரை மரத்தில் தொங்கவிட்டுக் கொன்ற கொடுமையைப் பாடும் ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’டைப் பதிய கொலம்பியா மறுத்தது. கமடோர் என்ற சின்ன கம்பெனி அந்த ஏப்ரலில் பதிந்து வெளியிட்டது. பில்லி அதில் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் கேட்கிறவரை நிலைகுலைய வைக்கிறது.

இந்த நேரத்தில் யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு அடி விழுந்தது. இசைத்தட்டும் ரேடியோவும் நேரடிக் கச்சேரி வாய்ப்பைக் கெடுக்கின்றன என்று அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்ட் 1 முதல் ஒலிப்பதிவைப் புறக்கணித்தது. டெக்கா அடுத்த வருடமே பணிந்தது. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர்வரை பிடிவாதமாக இருந்தன. வேடிக்கை என்னவென்றால், வாத்தியக்காரர்களுக்குத்தான் தடை. பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை. ஆகவே கம்பெனிகள் வாத்தியமே இல்லாமல், பின்னணிக்குக் கோரஸ் பாட வைத்துத் தட்டுகளை இறக்கின. பெரிய பேண்டின் முன்னால் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்த பாடகர், தனி நட்சத்திரமாக ஏறியதற்கு இந்த இரண்டு வருடமும் ஏணி பிடித்தது. இன்னொரு பக்கம், சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கரும் ட்ரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் நியூயார்க்கில் ‘பீபாப்’ என்ற புது பாஷையை வளர்த்துக்கொண்டிருந்த அதே மாதங்களில் தட்டுகள் நின்றுபோயிருந்தன. தடை நீங்கித் தட்டுகள் வந்தபோது, வெளியூர் ரசிகர்களுக்கு அது வானத்திலிருந்து குதித்த மாதிரி இருந்தது.

ஆல்பம் என்ற புத்தகம்

‘ஆல்பம்’ என்ற சொல் இங்கே வந்ததற்கு ஒரு எளிய காரணம். பல 78 சுழற்சித் தட்டுகளை உறைகளில் போட்டு, ஃபோட்டோ ஆல்பம் மாதிரியே புத்தகமாகத் தைத்து விற்றார்கள். 1948 ஜூனில் கொலம்பியா எல்.பி. என்ற நீண்டநேரத் தட்டைக் கொண்டுவந்ததும் அந்தப் புத்தகம் முழுவதும் ஒரே தட்டுக்குள் அடங்கிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்ததும் முதலில் புகுந்து விளையாடியவர்களில் ஒருவர் பேண்ட் தலைவர் டியூக் எலிங்டன். 1930இல் மூன்று நிமிடத்தில் முடித்த ‘மூட் இண்டிகோ’வை 1950 டிசம்பரில் பதினைந்து நிமிடத்துக்கு விரித்தார். ‘மாஸ்டர்பீஸஸ் பை எலிங்டன்’ ஆல்பத்தில் அது இருக்கிறது. நடுவே இவான் லனோஸ் என்ற பாடகி வந்து பாடிவிட்டுப் போகிறார். ஆனால் மொத்த ஏற்பாட்டில் அவர் குரலுக்கு இருக்கும் இடம் ஒரு கிளாரினெட்டுக்கோ ட்ராம்போனுக்கோ இருக்கும் இடம்தான். பாட்டுக்கு வாத்தியம் துணை என்ற வரிசை இங்கே கலைந்துபோகிறது.

எலிங்டனைப் பற்றிப் பேசும்போது 1956 நியூபோர்ட் ஜாஸ் விழாவை விட்டுவிட முடியாது. ஜூலை 7 இரவு, ‘டிமினுவெண்டோ அண்ட் கிரசெண்டோ இன் புளூ’வின் இரு பகுதிகளுக்கும் இடையில் டெனர் சாக்ஸபோன்காரர் பால் கான்சால்வெஸ் எழுந்து பன்னிரண்டு பாரில் ஒரு சுற்று முடியும் புளூஸ் மெட்டை 27 சுற்று வாசித்தார். கணக்குப் போட்டால் 324 பார், நிறுத்தாமல். ஜனங்கள் எழுந்து ஆடுகிறார்கள், மேடையோரத்தில் ட்ரம்மர் ஜோ ஜோன்ஸ் சுருட்டிய செய்தித்தாளால் தாளம் தட்டுகிறார், எலிங்டன் நடுநடுவே கத்தி உசுப்பிவிடுகிறார். எல்லாம் சரி, ஆனால் மனிதர் தவறான மைக்கில் வாசித்துவிட்டார்! கொலம்பியாவின் மைக் ஒரு பக்கம் இருக்க, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி வைத்திருந்த மைக்குக்கு நேராக நின்று ஊதினார். ஆல்பத்தில் அவர் வாசிப்பு கொஞ்சம் தொலைவில் கேட்டதற்கு அதுதான் காரணம். போதாததற்கு, வேறு சில பகுதிகளை ஸ்டூடியோவில் திரும்ப வாசித்துக் கைதட்டலை மேலே ஒட்டினார்கள். வானொலிக்காரர்களின் நாடா பிற்பாடு கிடைத்தபின், இரண்டையும் இணைத்து 1999இல் வெளியிட்ட பதிப்பில்தான் அந்த இரவு ஒழுங்காகக் காதுக்கு வந்தது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் இதையும் ஒருதரம் கேட்டுவிடுவது நல்லது.

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் மறந்த வரிகள்

அதே 1956இல்தான் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் வெர்வ் கம்பெனியைத் தொடங்கினார், பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டை மையமாக வைத்து. கோல் போர்ட்டரின் பாட்டுகளோடு தொடங்கிய ‘ஸாங் புக்’ வரிசை 1964 வரை நீண்டது. ஒரு கவிஞர், ஒரு மெட்டமைப்பாளர் என்று எடுத்துக்கொண்டு அவர்களுடைய பாட்டுகளைத் தொகுத்து, சுத்தமாக, வரி பிசகாமல் அந்தப் பாடகி பாடி வைத்தார். ஜார்ஜ், ஐரா கெர்ஷ்வின் சகோதரர்களுக்கு மட்டும் ஐந்து எல்.பி. அமெரிக்கப் பாட்டுக்கு அது ஒரு நிகண்டு. என் குறை ஒன்றுதான்: நிகண்டைப் புரட்டலாம், உட்கார்ந்து படிக்க முடியாது. அந்த ஆல்பங்களில் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாட்டுக்கு ரொம்ப மரியாதை கொடுக்கிறார். ஜாஸுக்கு அவ்வளவு மரியாதை ஆகாது.

அவர் மரியாதையைக் கழற்றி வைத்தது 1960 பிப்ரவரி 13 அன்று, பெர்லினில். ‘மேக் த நைஃப்’ அந்த ஊரிலேயே 1928இல் மேடையேறிய நாடகத்துப் பாட்டு. வரிகளெல்லாம் ஞாபகம் இருக்க வேண்டுமே என்று சொல்லிக்கொண்டுதான் தொடங்குகிறார். பாதியில் போய்விட்டது. நிறுத்தினாரா என்றால் இல்லை. அடுத்த அடி என்னவென்று தெரியவில்லையே என்பதையே மெட்டில் போட்டுப் பாடுகிறார். இன்னார் இன்னார் இதைப் பாடித் தட்டாக்கினார்கள், இப்போது எல்லா இதைப் பாழாக்குகிறாள் என்று எதுகை வேறு. அப்படியே ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலுக்குத் தாவி, அவர் பாணியில் அசைகளைக் கொட்டி, சுருதி ஏற்றிக்கொண்டே போய் முடிக்கிறார். அந்தப் பதிவுக்கும் ஆல்பத்துக்கும் கிராமி விருது கிடைத்தது. ஸ்டூடியோவாக இருந்தால் "இன்னொரு டேக் போகலாம்" என்று ஒரு குரல் வந்திருக்கும், நமக்கு இது கிடைத்திருக்காது.

அதே ஆல்பத்தில் ‘ஹௌ ஹை த மூன்’ இருக்கிறது, ஏழு நிமிடம். ஒரு சுற்று ஒழுங்காகப் பாடிவிட்டு வார்த்தைகளை உதறிவிட்டு ஓட ஆரம்பிக்கிறார். முதலில் வருவது சார்லி பார்க்கர் இந்தப் பாட்டின் சுரக்கட்டின்மேல் கட்டிய ‘ஆர்னிதாலஜி’. சாக்ஸபோனுக்காகப் பிறந்த வாசகத்தைத் தொண்டையால் அச்சு அசலாக வாசிக்கிறார். அப்புறம் கையில் கிடைத்த மெட்டுகளையெல்லாம் இரண்டு இரண்டு பாராகக் கிள்ளிப் போடுகிறார். முடிவில் ‘கண்ணில் புகை படுகிறது’ என்ற பிரபலமான பழைய பாட்டை எடுத்து, புகைக்குப் பதில் வியர்வை என்று மாற்றிப் பாடுகிறார். ஏழு நிமிடம் ஓடியவருக்கு வேறென்ன வரும்!

ஆம்ஸ்ட்ராங்கும் எல்லாவும் சேர்ந்து பாடிய ‘எல்லா அண்ட் லூயி’ 1956இல் வந்தது. புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். இன்னொன்று, சாரா வான் 1954 டிசம்பரில் ட்ரம்பெட்காரர் கிளிஃபர்ட் பிரவுனோடு பதிந்த ஆல்பம். தொடக்கத்திலேயே ‘லல்லபை ஆஃப் பேர்ட்லேண்ட்’டில் குரலும் மற்ற கருவிகளும் மாறி மாறிக் கேள்வி பதில் பாடுகின்றன, எங்கே பாடகி முடித்தார், எங்கே புல்லாங்குழல் எடுத்தது என்று கவனித்தால்தான் பிடிபடும். அதில் டெனர் வாசிக்கும் பால் குவினிசெட்டுக்கு ‘வைஸ் பிரெஸ்’ என்று பட்டப்பெயர். லெஸ்டர் யங் ஜனாதிபதி என்றால், அவரைப் போலவே வாசித்த இவர் துணை ஜனாதிபதி. பிரவுன் 1956 ஜூனில் கார் விபத்தில் இறந்தார். வயது 25.

வாத்தியத்துக்கு வரி எழுதியவர்கள்

ஹாக்கின்ஸின் ‘பாடி அண்ட் சோலை’ ஜனங்கள் முணுமுணுத்தார்கள் என்று சொன்னேன் அல்லவா, பாடகர் எடி ஜெஃபர்சன் இன்னும் ஒரு படி போனார். தட்டில் கேட்ட தனி வாசிப்பை ஸ்வரம் விடாமல் மனப்பாடம் செய்து, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு அசை வைத்து வரி எழுதிப் பாடினார். ஜேம்ஸ் மூடி 1949இல் ஸ்வீடனில் பதிந்த ஒரு சாக்ஸபோன் வாசிப்புக்கும் அப்படி எழுத, அதை கிங் பிளெஷர் 1952இல் பாடிப் பதிந்து பெரிய வெற்றியாக்கினார். இந்த வகைக்கு ‘வோக்கலீஸ்’ என்று பெயர் வந்தது. தட்டு இல்லாவிட்டால் இதற்கு வழியே இல்லை. கச்சேரியில் ஒருதரம் காற்றில் போன மனோதர்மம் தட்டில் நின்றதால்தான் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடம் செய்ய முடிந்தது, மனோதர்மம் கீர்த்தனையாகிவிட்டது.

இதன் உச்சம் ‘சிங் எ ஸாங் ஆஃப் பேஸி’. டேவ் லாம்பர்ட், ஜான் ஹெண்ட்ரிக்ஸ் இருவரும் கவுண்ட் பேஸி பேண்டின் தட்டுகளை எடுத்து, ட்ரம்பெட் வரிசை, ட்ராம்போன் வரிசை, சாக்ஸபோன் வரிசை, தனி வாசிப்பு எல்லாவற்றுக்கும் வரிகள் தயாரித்தார்கள். பாட ஒரு பெரிய கோரஸை அமர்த்தினார்கள். ஸ்வரம் சரியாக வந்தது, ஆனால் பேஸியின் அந்தத் துள்ளல் வரவில்லை. சொல்லிக்கொடுக்க வந்த ஆனி ராஸையும் சேர்த்துக்கொண்டு மூன்றே பேராக, தங்கள் குரலின்மேல் தங்கள் குரலையே அடுக்கடுக்காகப் பதிந்து, ஒரு முழு பேண்டைக் கட்டி எழுப்பினார்கள். 1957இல் நாடாவை வைத்துச் செய்த வேலை அது. ட்ரம்பெட்டின் உச்ச ஸ்வரங்களை ஆனி ராஸ் பாடுவதைக் கேட்டால் தொண்டை நமக்கு வலிக்கும்.

குரல் வார்த்தையையே விட்டுவிடுகிற இன்னொரு இடம் உண்டு. ட்ரம்மர் மேக்ஸ் ரோச் 1960இல் பதிந்த ‘வீ இன்சிஸ்ட்!’ ஆல்பத்தில் ‘ட்ரிப்டிக்’ என்ற பகுதி: பாடகி ஆபி லிங்கன், ரோச்சின் ட்ரம்ஸ், வேறு யாருமில்லை. பிரார்த்தனை, எதிர்ப்பு, அமைதி என்று மூன்று பாகம். இரண்டாவதில் அவர் பாடவில்லை, அலறுகிறார். உணவகங்களில் கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்து போராடிய வருடம் அது. ஆல்பத்தின் அட்டையிலும் அந்தக் காட்சிதான். அந்த ஆல்பத்தின் இன்னொரு பாட்டில் வாசித்த ஹாக்கின்ஸின் சாக்ஸபோன் ஓரிடத்தில் கீச்சிட்டுவிட்டது. வெட்டி ஒட்டிச் சரிசெய்யட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், இந்த மாதிரி ஒன்றில் எல்லாம் கச்சிதமாக இருந்தால்தான் தப்பு என்றாராம். கீச்சு அப்படியே இருக்கிறது.

1963, மார்ச் 6, மார்ச் 7

நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டர் என்ற கண் பரிசோதகர் இருந்தார். பகலில் கண்ணாடி, மற்ற நேரத்தில் ஹாக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் ஜாஸ் பதிவு. ப்ளூ நோட் கம்பெனியின் எத்தனையோ ஆல்பங்கள் அந்த வீட்டு ஹாலில் பதிவானவை. 1959இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் உயர்ந்த மரக்கூரையோடு சொந்த ஸ்டூடியோ கட்டிக்கொண்டு முழுநேரமாக இறங்கினார். (அதே 1959இல் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ நியூயார்க்கில் பழைய சர்ச் ஒன்றில் இயங்கிய கொலம்பியாவின் ஸ்டூடியோவில் பதிவானது. அதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும் சொல்லலாம்: நாடா இயந்திரம் ஒன்று மெதுவாக ஓடியதால் முதல் பக்கம் முழுவதும் சுருதி கொஞ்சம் ஏறியே கேட்டது. 1990களில் திருத்தும்வரை உலகமே அந்தச் சுருதியில்தான் கேட்டு உருகிக்கொண்டிருந்தது.)

அந்த மரக்கூரைக்குக் கீழே 1963 மார்ச் 6 அன்று சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன் தன் நால்வர் குழுவோடு நாள் முழுக்க வாசித்துப் பதிந்தார். மறுநாள், மார்ச் 7, அதே நால்வரோடு ஜானி ஹார்ட்மன் என்ற பாடகர் வந்தார். ஹார்ட்மனுக்கு முதலில் தயக்கம். தான் ஜாஸ் பாடகன்தானா என்பதிலேயே அவருக்குச் சந்தேகம் இருந்தது. ஆறே பாட்டு, அரைமணி நேர ஆல்பம். ‘மை ஒன் அண்ட் ஒன்லி லவ்’ பாட்டில் இரண்டு நிமிடத்துக்கு மேல் கோல்ட்ரேன் மட்டுமே. ஸ்வரங்களை மழையாகப் பொழிகிறவர் என்று பெயர் வாங்கிய மனிதர், இங்கே மெட்டை ஒரு சுற்று அப்படியே, மூச்சு எடுக்கும் இடம் உட்பட, பாடகன் மாதிரி வாசித்து முடிக்கிறார். அதற்கப்புறம் ஹார்ட்மனின் ஆழ்ந்த குரல் நுழையும்போது, இன்னொரு சாக்ஸபோன் வந்ததென்றுதான் முதல்முறை எனக்குத் தோன்றியது.

முந்தைய நாளின் பதிவு என்ன ஆயிற்று? ஆல்பமாக வெளிவரவே இல்லை. கம்பெனியிடம் மூல நாடாவும் தங்கவில்லை. கோல்ட்ரேன் கேட்டுப் பார்க்க வீட்டுக்குக் கொண்டுபோன ஒரு மோனோ பிரதி அவருடைய முதல் மனைவி நயிமாவின் குடும்பத்தாரிடம் பத்திரமாக இருந்தது. 2018இல் ‘போத் டைரக்ஷன்ஸ் அட் ஒன்ஸ்’ என்ற பெயரில் வந்தது. அடுத்தடுத்த இரண்டு நாள், அதே அறை, அதே நால்வர். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே கேட்கிறவர்களுக்கு 55 வருட இடைவெளி.

கோல்ட்ரேன் 1967 ஜூலை 17 அன்று, 40 வயதில் இறந்தார். எட்டு வருடம் முன்பு அதே ஜூலை 17இல்தான் பில்லி ஹாலிடே போனார். அவருக்கு நாலு மாதம் முன்னால் லெஸ்டர் யங். அந்த இருவரும் கடைசியாகச் சேர்ந்த சந்தர்ப்பங்களில் ஒன்று, 1957 டிசம்பரில் சி.பி.எஸ். தொலைக்காட்சியின் ‘த சவுண்ட் ஆஃப் ஜாஸ்’ நேரடி ஒளிபரப்பு. உடம்பு தளர்ந்திருந்த யங் எழுந்து ஒரே ஒரு சுற்று புளூஸ் வாசிக்கிறார். ஸ்வரங்கள் மிகக் குறைவு. கேமரா பில்லியின் முகத்துக்குப் போகிறது. அவர் தலையை மெல்ல அசைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதே பெயரில் வந்த எல்.பி.யை வாங்கினால் இந்தச் சுற்று அதில் இருக்காது. அந்த எல்.பி. சில நாள் முன்னதாக நடந்த ஒத்திகையில் பதிவானது.

கோல்ட்ரேனின் மனைவி ஆலிஸ், அவர் மறைவுக்குப் பிறகு ஹார்ப் வாசித்து 1971இல் வெளியிட்ட ஆல்பம் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’. பெயரில் இருக்கும் சுவாமி சச்சிதானந்தர் கோவை பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்தவர், கண்டியில் ஆசிரமம் நடத்திவிட்டு அமெரிக்கா போனவர். ஹார்புக்கு அடியில் தம்புரா ஓடிக்கொண்டே இருக்கும்.

கோல்ட்ரேன் 1964 டிசம்பர் 9 அன்று அதே ஸ்டூடியோவில் பதிந்த ‘எ லவ் சுப்ரீம்’ பற்றி வரிசைப்படி முன்பே சொல்லியிருக்க வேண்டும். வேண்டுமென்றேதான் தள்ளிவைத்தேன். நாலு பகுதிகள். கடைசிப் பகுதியின் பெயர் ‘சாம்’, பைபிளில் சங்கீதம் என்கிறோமே அது. தாளம் என்று கணக்காக எதுவும் இல்லை. ட்ரம்ஸும் பியானோவும் அலையாகப் பின்னால் புரள, டெனர் மட்டும் நிதானமாக ஏதோ சொல்லிக்கொண்டு போகிறது. ஆல்பத்தின் உள் அட்டையில் கோல்ட்ரேன் கடவுளை நோக்கி எழுதிய நீண்ட கவிதை ஒன்று அச்சாகியிருக்கிறது. பலரும் அதை முன்னுரை மாதிரி படித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர் வாசிப்பது அந்தக் கவிதையைத்தான், அசைக்கு ஒரு ஸ்வரமாக.

அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, விரலை முதல் வரியில் வைத்துத் தட்டைப் போட்டுப் பாருங்கள். முதலில் தவறும். கடவுளுக்கு நன்றி சொல்லும் வரி திரும்பத் திரும்ப வருகிறது. அது வரும்போதெல்லாம் சாக்ஸபோனும் ஏறக்குறைய ஒரே மாதிரி கீழே இறங்கி அமர்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் போதும், விரல் தானாக அடுத்த வரிக்குப் போய்விடும். ஏழு நிமிடம் கழித்து விரல் கடைசிச் சொல்லான ‘ஆமென்’ மேல் நிற்கும்போது, சாக்ஸபோனும் அதைச் சொல்லி முடித்திருக்கும்.